ஒதுங்குதலும் ஒதுக்குதலும்

(கொள்ளைநோய்க் காலத்துக் கடற்கரை தரும் தம்ம பாடம்)



இப்பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் இரண்டு சொற்களில் அடங்கும். ஒன்று ஒதுங்குதல், மற்றொன்று ஒதுக்குதல். எழுத்தளவில் இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஓரெழுத்தே. பொருளளவிலோ இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. தன்னால் பிறருக்குத் தீங்கு நேரலாகாது என்று ஒருவர் தாமே விலகி நிற்பது ஒதுங்குதல். அச்சத்தாலோ இகழ்ச்சியாலோ ஒருவரைப் பிறர் தள்ளி வைப்பது ஒதுக்குதல். முன்னது கருணையில் பிறப்பது. பின்னது அவித்தையில் பிறப்பது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் நள்ளிரவில் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, "சமூக விலகல்" என்னும் சொல் எல்லார் வாயிலும் வழங்கலாயிற்று. அச்சொல்லைக் கேட்டு நம் முதியோர் துணுக்குற்றதில் வியப்பில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று தலைமுறை தலைமுறையாக விலக்கப்பட்டவர்களுக்கு அது புதிய மருந்தின் பெயராகவா தோன்றும்? பழைய நோயின் பெயராகவே தோன்றியது. உலகச் சுகாதார நிறுவனமும் அம்மாதத்திலேயே, வேண்டுவது உடலளவில் இடைவெளியே என்றும், மனிதர் தம்முள் உறவற்றுப்போக வேண்டுவதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. உடல்கள் விலகி நிற்கும்போது உள்ளங்கள் விலகாதிருப்பது எங்ஙனம் என்பதே நாம் இங்கு கற்க வேண்டுவது.

தம்மத்தில் ஒதுங்குதல்

ஒதுங்கியிருத்தல் நமக்குப் புதியதன்று. பகவன் புத்தர் காலத்தில், மழைப் பருவத்திலும் பிக்ஷுக்கள் ஊர் ஊராக நடந்து, இளம்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்துச் செல்கின்றனர் என்று மக்கள் குறைகூறினர். அதைக் கேட்ட ததாகதர், மூன்று மாதம் ஓரிடத்திலேயே தங்கியிருக்கும் வர்ஷாவாசத்தை விதித்தார். பிக்ஷுக்கள் அடங்கியிருந்தது தம் உயிரைக் காத்துக்கொள்ள அன்று. தம் காலடியில் பிறவுயிர் மடியாதிருக்கவே. அவ்வாறு தங்கியோரை இல்லறத்தார் மறந்துவிடவில்லை. அன்னமும் ஆடையும் மருந்தும் அளித்துப் போற்றினர். இவ்விரண்டும் சேர்ந்ததே வர்ஷாவாசம் என்பதை நினைவிற் கொள்க. ஒதுங்குவோர் ஒருபுறம், ஒதுங்கியோரைத் தாங்குவோர் மறுபுறம். இரண்டாவது பகுதி இல்லையேல் முதற்பகுதி பட்டினியாகவே முடியும்.

கடற்கரையில் கண்டது

பெங்களூரில் வாழும் நமக்குக் கடல் இல்லை. எனினும் இப்பாடத்தைக் கற்கக் கடற்கரைக்குச் செல்வது தகும். தமிழ்ப் பௌத்தத்தின் பழைய இல்லங்களான காவிரிப்பூம்பட்டினமும் நாகப்பட்டினமும் கடற்கரை நகரங்களே. மேலும், ஒருவர் கையை ஒருவர் நம்பாமல் வாழ இயலாது என்பது பெருநகரத்தைக் காட்டிலும் சிறு மீனவ ஊரிலே தெளிவாகத் தெரியும். படகேறிய பின் ஒருவனுக்கு வந்த நோய் படகில் உள்ளோர் அனைவருக்கும் வந்த துன்பமாகும். கரைவலை இழுக்கும் ஊரில் வலைக்கயிற்றைப் பற்றிய கைக்கெல்லாம் பங்குண்டு.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலமென்று இத்தடை விதிக்கப்படுகிறது. கடலுக்கும் ஒரு வர்ஷாவாசம் உண்டு போலும்! ஆனால் 2020ஆம் ஆண்டில் தடைக்காலத்திற்கு முன்னரே ஊரடங்கு வந்து படகுகளைக் கரையில் நிறுத்திவிட்டது. ஏப்ரல் 10ஆம் நாள் மீன்பிடித் தொழிலுக்கு மத்திய அரசு விலக்களித்தது. ஐந்து நாள் கழிந்ததும் வழக்கமான தடை தொடங்கியது. அவ்வாண்டு மட்டும் அத்தடை மே 31ஆம் நாளோடு முடியுமாறு குறைக்கப்பட்டது. நாட்டுப்படகுகளுக்கு அத்தடை இல்லையாயினும், கரைக்கு வந்த மீனை விற்பது எளிதாக இல்லை. தலையில் கூடை சுமந்து பேருந்திலும் இரயிலிலும் சென்று விற்கும் பெண்களுக்கு அவ்விரண்டும் நின்றுபோயின. அரசு அளித்த விலையில்லா அரிசியும், குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும், தடைக்கால நிவாரணமாகிய ஐயாயிரம் ரூபாயும் ஒருபுறம் தாங்கின. அண்டை வீட்டு அடுப்பு மறுபுறம் தாங்கியது.

அதே காலத்தில், பாரசீகக் கடலோரத்தில் கூலிக்கு மீன்பிடிக்கச் சென்ற நம் தமிழ் மீனவர் பலர் ஈரான் நாட்டில் அகப்பட்டுக்கொண்டனர். அவர்களுட் பலர் தாம் தொழில் செய்த படகுகளிலேயே மாதக்கணக்கில் தங்கியிருக்க நேர்ந்தது. முடிவில், கடற்படையின் ஜலாஷ்வா என்னும் கப்பல் 687 பேரைப் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1ஆம் நாள் தூத்துக்குடியை அடைந்தது. சொந்த நாட்டுக் கரையை மிதித்தும் அவர்கள் நேரே வீடு செல்லவில்லை. மனைவி மக்களைக் காணும் ஆவலை அடக்கி, தனிமைக் காலத்தைக் கழிக்க வேண்டியிருந்தது. ஒதுங்குதல் எத்துணைக் கடினமான தவம் என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும்.

உயிர்க்கொலையைத் தொழிலாகக் கொண்டோரை எடுத்துக்காட்டாகக் கூறலாமோ என்று நம்மில் சிலர் ஐயுறலாம். கொல்லாமை நம் முதற்சீலம். அதில் தளர்வு இல்லை. ஆனால் பசித்தவனைப் பார்த்து, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்று வினவிய பின்னரே கருணை புறப்படுமாயின் அது கருணையன்று, கணக்கு. நல்லது எவரிடத்தில் காணப்படினும் அதைக் கண்டு மகிழ்வது முதிதை என்று தம்மம் கற்பிக்கிறது.

தனித்தீவில் ஒரு பாத்திரம்

கடற்கரையையும் தனிமையையும் எண்ணுந்தோறும் நம் மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் நினைவுக்கு வருகிறான். பிறந்த நாளிலேயே தாயால் கைவிடப்பட்டவன் அவன். வேள்வியில் வெட்டப்பட இருந்த பசுவைக் காத்தமையால் ஊரார் அவனை விரட்டினர். அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இட்டனர். இதுவே ஒதுக்குதல். கல் விழுந்த அப்பாத்திரத்தை ஏந்தியே அவன் தென்மதுரையை அடைந்து, இரந்து பெற்ற சோற்றைக் குருடர், செவிடர், முடவர், நோயாளர் ஆகியோரை அழைத்து முதலில் ஊட்டி, மிச்சத்தைத் தான் உண்டான். பின்னர் சிந்தாதேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அளித்தாள்.

சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டு அவன் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியபோது, அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் சென்றுவிட்டது. ஆளற்ற தீவு, கையில் குறையாத அமுது. விரும்பியிருந்தால் எத்தனை ஆண்டும் உண்டு வாழ்ந்திருக்கலாம். அவனோ, பலருடைய பசியைத் தீர்க்க வேண்டிய பாத்திரத்தால் தன் ஓருயிரை மட்டும் வளர்ப்பது தகாது என்று கருதினான். ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்பட்டு, உயிர்களைக் காக்கும் அருளாளர் கையிற் சேர்க என்று கூறி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான். அப்பாத்திரம் வைகாசிப் பௌர்ணமியில் வெளிப்படும் என்பது காப்பியக் கூற்று. பின்னர் அது மணிமேகலையின் கையை அடைந்தது. அவள் காயசண்டிகையின் யானைத்தீ என்னும் தீராப் பசிநோயைத் தீர்த்தாள். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள்.

ஆபுத்திரனைப்போல் உயிர்விட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. கொடுக்க ஒருவரும் இல்லாத நிறைவு அவனுக்கு வறுமையாகத் தோன்றிற்று என்பதே நாம் கொள்ள வேண்டிய கருத்து. அடைத்து வைக்கும் இடத்தையே காக்கும் இடமாக மாற்றலாம் என்பதை மணிமேகலை காட்டினாள்.

நோயாளிக்குப் பணிவிடை

வயிற்றுக்கடுப்பால் வருந்திய பிக்ஷு ஒருவர் தம் மலத்திலேயே கிடந்தார். அவர் பிறருக்கு உதவாதவர் என்று எவரும் அவரை அணுகவில்லை. பகவர் ஆனந்தரோடு அவ்வழியே வந்தார். நீர் கொணரச் செய்து தாம் ஊற்ற, ஆனந்தர் அவரைக் கழுவினார். தலைப்பக்கம் தாமும் கால்பக்கம் ஆனந்தரும் பற்றித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். பின் சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் உடனில்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவர் என்று கேட்டார். தமக்குச் செய்ய விரும்பும் பணிவிடையை நோயாளிக்குச் செய்யுமாறு பணித்தார்.

நற்பணியாளனுக்கு ஐந்து குணங்கள் விநயத்தில் கூறப்படுகின்றன: மருந்தைச் சேர்க்கத் தெரிதல், ஏற்றதைக் கொணர்ந்து ஏலாததை விலக்கல், ஊதியம் கருதாது அன்பினால் செய்தல், மலசலம், சளி, வாந்தி இவற்றை அருவருக்காமை, அவ்வப்போது தம்மம் பேசி மனத்தைத் தேற்றல். நோயாளிக்கும் ஐந்து உண்டு: தனக்கு ஏற்றதைச் செய்தல், அதிலும் அளவறிதல், மருந்தை உட்கொள்ளல், நோயின் நிலையை மறையாது கூறல், வலியைப் பொறுத்தல்.

இவற்றுள் "மறையாது கூறல்" என்பதைக் கவனியுங்கள். நோயை வெளியிட்டால் தள்ளி வைப்பர் என்ற அச்சம் உள்ள ஊரில் யார் உண்மை கூறுவர்? மறைத்த நோயன்றோ பரவும் நோய்? ஆகவே ஒதுக்குதல் அறத்திற்கு மட்டும் பகையன்று, நோய்த்தடுப்பிற்கும் பகை.

நம் நகரில்

பெங்களூருக்கு இப்பாடம் இருமுறை வந்தது. 1898ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிளேக் இந்நகரில் புகுந்தது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறிக் கொட்டகைகளில் தங்கினர். பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்து அச்சத்தின் அடையாளமாக இன்றும் உள்ளன. அதே ஆண்டில்தான் சித்த மருத்துவராகிய பண்டிதர் அயோத்திதாசர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். நோயை நீக்குவோரும் இழிவை நீக்குவோரும் ஒருவரே ஆயினர்.

இரண்டாம் முறை 2020இல். வெளிநாட்டிலிருந்து வந்தோர் கையில் அழியாத மையால் முத்திரை இடப்பட்டது. ஜூலை மாதத்தில் தொம்மலூரின் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு வீடுகளின் வாயில்கள், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே உலோகத் தகடு கொண்டு அடைக்கப்பட்டன. ஒரு வீட்டில் தாயும் இரு சிறுவரும். மற்றதில் முதிய தம்பதியர். தீப்பற்றினால் எவ்வாறு வெளியேறுவர்? செய்தி பரவியதும் நகர நிர்வாகம் மன்னிப்புக் கோரித் தகடுகளை அகற்றியது. சென்னையிலோ அவ்வாண்டு ஏப்ரலில், நோயால் மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. ஆபுத்திரன் பாத்திரத்தில் விழுந்த அதே கல்!

பிறரைக் குறைகூறுமுன் நம்மையும் சோதித்துக்கொள்வோம். அந்நாட்களில் அறிவிப்புத்தாள் ஒட்டிய வீட்டைக் கடக்கையில் நாமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரைந்தோம். தெருக்கூட்டும் தொழிலாளர் தண்ணீர் கேட்டபோது தயங்கியவர் நம்மிலும் உண்டு. தீண்டாமையின் கொடுமையை மரபாக அறிந்த நாமே, அச்சம் வந்தவுடன் அதன் மொழியைப் பேசினோம். பஞ்சசீலம் ஏற்ற நாவுக்கு இது வெட்கமே. ஆனால் அதே தெருவில், வாயிற்படியில் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துக் கதவைத் தட்டிவிட்டு, பத்தடி விலகி நின்று, "எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று உரக்கக் கேட்டவர்களும் இருந்தனர். அந்தப் பத்தடி இடைவெளி மருத்துவம். அந்தக் கேள்வி மைத்ரி. இரண்டையும் ஒருங்கே கைக்கொண்டவரே இப்பாடத்தைக் கற்றவர்.

கடைப்பிடிக்க வேண்டியவை

மீண்டும் ஒரு கொள்ளைநோய் வாராது என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆகவே இப்போதே பழகுவோம். நம் தெருவில் தனித்து வாழும் முதியோர் யார் என அறிந்து வைப்போம். நமக்கு நோய் கண்டால் மறையாது கூறி, தாமே ஒதுங்குவோம். பிறருக்கு நோய் கண்டால் விலகி நின்று, அவருக்கு வேண்டிய உணவும் மருந்தும் சேரும்படி பார்ப்போம். ஒவ்வொரு வைகாசிப் பௌர்ணமியிலும் அமுதசுரபியை நினைத்து, நம் பாத்திரத்தில் ஒரு பங்கைப் பிறருக்கென எடுத்து வைப்போம்.

ஞாயிறு வகுப்பில் விடை கூறுக

1. வர்ஷாவாசம் எதன் பொருட்டு விதிக்கப்பட்டது? அதில் இல்லறத்தார் கடமை யாது?

2. நிறைந்த பாத்திரம் ஆபுத்திரனுக்கு ஏன் துன்பமாயிற்று?

3. நோயாளி உண்மை கூறுவதற்கு ஊரார் செய்ய வேண்டுவது என்ன?

4. 2020ஆம் ஆண்டில் நீங்கள் ஒதுங்கிய நிகழ்ச்சி ஒன்றையும், ஒதுக்கிய நிகழ்ச்சி ஒன்றையும் மனத்தில் எண்ணிப் பாருங்கள். இரண்டாவதை வெளியே கூற வேண்டுவதில்லை; மறவாதிருந்தால் போதும்.

எல்லா உயிர்களும் நோயற்று, அச்சமற்று வாழ்க!