மரத்தைப் பார்க்கப் பழகு

மைசூர்

அன்புள்ள பேத்திக்கு,

பகல் முழுதும் கணக்கேடுகளோடு மன்றாடிவிட்டு வீடு திரும்பும் உனக்கு, மாலையில் கைக்கு ஒரு வேலை வேண்டுமென்று தோன்றியதும், அதற்கு மரப்பதிப்புக் கலையை நீ தேர்ந்துகொண்டதும் எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தன. ஆனால், உளியைத் தொட்டுக்கூடப் பார்த்திராத உனக்கு இது கைகூடுமா என்று நீ எழுதியிருக்கிறாயே, அந்தத் தயக்கத்தை முதலில் போக்கிவிட விரும்புகிறேன்.

நாற்காலி செய்கிறவருக்குத் தோள்வலிமையும் இழைப்புளிப் பயிற்சியும் வேண்டும். நீ கையாளப்போவதோ, வினீர் என்று கடைகளில் வழங்கும் மரத்தாள். பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கனமுள்ள அதைக் கூரிய அறுவைக் கத்தி ஒன்றாலேயே நறுக்கிவிடலாம். பல மரங்களின் தாள்களை உருவுக்கேற்ப வெட்டி, விளிம்போடு விளிம்பு இசையச் சேர்த்துச் சித்திரமாக்கிப் பலகையின்மேல் ஒட்டுவதே இக்கலையின் சாராம்சம். ஆகவே, தச்சு தெரியாதது உனக்குக் குறையன்று; மரத்தைப் பார்க்கத் தெரியாதிருப்பதொன்றே குறை, அதுவும் அப்பியாசத்தால் தீருகிற குறை.

1897இல் தீக்கிரையான பழைய அரண்மனைக்குப் பதிலாக எழுந்து 1912இல் முற்றுப்பெற்ற இவ்வூர் அரண்மனையில், ஈட்டி மரத்தில் தந்தம் இழைத்த கதவின்முன் நான் நெடுநேரம் நின்றதுண்டு. தந்தம் சட்டத்தால் விலக்கப்பட்ட பின்பும் இவ்வூர்ப் பட்டறைகளில் கலை நின்றுவிடவில்லை. பலாவின் மஞ்சளும், தேக்கின் பொன்னிறமும், ஈட்டியின் கருஞ்சிவப்புமே வர்ணங்களாகிவிட்டன. அப்பட்டறைக் கைவினைஞர்கள் அடிப்பலகையைக் குடைந்து, குழியில் துண்டைப் பதிக்கிறார்கள். அது பல்லாண்டுப் பயிற்சியை வேண்டுவது. நீ தொடங்கப்போகும் தாள்வேலையில் குடைதல் இல்லை. ஆயினும் மரத்தின் நிறத்தையே தூரிகையாக்கும் ரசனை இரண்டுக்கும் பொது.

அந்த ரசனை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இத்தாலியில் உர்பினோ நகரத்து அரண்மனை ஒரு திருஷ்டாந்தம். 1476 என்ற ஆண்டு பொறிக்கப்பெற்ற அங்குள்ள சிறிய படிப்பறையின் சுவர்களில், பாதி திறந்த அலமாரிக் கதவுகளும், உள்ளே சாய்ந்து கிடக்கும் புத்தகங்களும், சங்கீத வாத்தியங்களும் தத்ரூபமாகத் தோன்றுகின்றன. அவ்வளவும் தட்டையான மரம். வெளிறிய துண்டின் அருகே கறுத்த துண்டை வைத்தவர்களின் கண்தான் அங்கே ஆழத்தைச் சிருஷ்டித்தது.

முதற்சித்திரமாக மயிலையோ கோபுரத்தையோ எண்ணாதே; ஒரே ஒரு மாவிலை போதும். பின்னணிக்கென வைத்த தாளில் இலையின் ஒரு பாதியை வரைந்து, அவ்விடத்தை வெட்டியெடுத்துவிடு. இப்போது அங்கே ஒரு ஜன்னல் இருக்கும். அந்த ஜன்னலுக்குக் கீழே வேறொரு மரத்தாளைச் செருகி, மெல்ல நகர்த்தியும் திருப்பியும் பார்த்துக்கொண்டே இரு. ரேகைகள் நடுநரம்பிலிருந்து ஓரத்தை நோக்கிச் சாய்வாக ஓடும் நிலை வந்ததும், வெறும் மரத்துண்டாயிருந்தது இலையாக மாறுவதை உன் கண்ணே கண்டுகொள்ளும். அந்நிலையில் தாளை அசையாமல் பிடித்து, ஜன்னல் விளிம்பை ஒட்டிக் கத்திமுனையால் கோடிட்டு, வெளியே எடுத்து வெட்டிப் பொருத்து. மறுபாதிக்கும் இவ்வாறே, ரேகை எதிர்ப்புறம் சாயும்படி செய். ஒரே அழுத்தில் வெட்ட முயன்றால் தாள் ரேகையோடு பிளந்துபோகும். இலேசாக நாலைந்து தடவை கத்தியை ஓட்டுவதே உசிதம். இலையின் கூர்நுனியில், நுனியிலிருந்து உள்நோக்கியே வெட்டு. அங்கே வந்து முடித்தால் நுனி பெயர்ந்துவிடும்.

என் முதற்பலகையின் கதையையும் சொல்கிறேன். பல இரவுகள் உழைத்துச் செய்த ஒரு பறவையைப் பலகையின் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டிப் பாரமேற்றி வைத்தேன். சில நாட்களில் பலகை வில்லாக வளைந்துவிட்டது. ஈரப்பசை உலர்ந்து தாள் சுருங்குகையில் ஒரு பக்கத்து இழுப்புக்கு மறுபக்கத்தில் ஈடில்லாமற்போனதே காரணம். பின்புறத்திலும் சாதாரண மரத்தாள் ஒன்றை ஒட்டியிருந்தால் அந்தப் பறவை தப்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தையும் சிரத்தையோடு செய்யவேண்டும் என்பதை நான் அன்று கற்றேன். நீ அதை நஷ்டமின்றியே கற்றுக்கொள். உப்புத்தாள் தேய்க்கும்போதும் நிதானம் வேண்டும். அவ்வளவு மெல்லிய தாள் ஓரங்களில் தேய்ந்து, அடிப்பலகை தெரிந்துவிட்டால் அதற்குப் பரிகாரமில்லை. தூசியைச் சுவாசிக்காதபடி மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள மறவாதே.

கை சற்றுப் படிந்தபின் நிழலிடுவதைக் கற்கலாம். இரும்புச் சட்டியில் நுண்மணலைச் சூடாக்கி, வெட்டிய துண்டின் ஒரு விளிம்பை இடுக்கியால் பிடித்து அதில் சில நொடிகள் புதைத்தெடுத்தால், விளிம்பில் கறுத்து உள்நோக்கி மெல்ல மங்கும் நிழல் விழும். எந்த வர்ணத்தாலும் வாராத அந்த மென்மை மரத்திலிருந்தே பிறப்பது. எத்தனை நொடி என்பது மணலின் சூட்டையும் மரத்தின் ஜாதியையும் பொறுத்தது. ஆதலால் ஒவ்வொரு மரத்திலும் கழிவுத் துண்டொன்றை முதலில் சோதித்துப் பார்.

உபகரணங்கள் வாங்க அவசரப்படாதே. கத்தியும் மாற்று அலகுகளும், இரும்பு அளவுகோலும், காகித டேப்பும், மர ஒட்டுக்கான வெள்ளைப் பசையும், அடியில் வைக்கத் தடித்த அட்டையும் போதும். பாரமேற்ற உன் கணக்குப் புத்தகங்களே இருக்கின்றன.

சில மரத்தாள் துண்டுகளைத் தனியே கட்டி அனுப்பியிருக்கிறேன். அவற்றை வெட்டுவதற்கு முன், ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் ஜன்னலருகே கொண்டுபோய், ஒவ்வொன்றையும் கால்வட்டம் திருப்பித் திருப்பிப் பார். ஒரு நிலையில் பொன்னாக ஒளிர்ந்த துண்டு மறுநிலையில் தேனாகக் கறுக்கும். எந்தத் துண்டு எந்தத் திசையில் எப்படி மாறிற்று என்று குறித்து எனக்கு எழுது. கத்தியை எப்படிப் பிடிப்பதென்பதை அதற்கான பதிலில் எழுதுகிறேன்.

உன் பிரியமுள்ள,
தாத்தா