கணவர் தோற்ற தேர்தல்

அன்புள்ள பேத்திக்கு,

மார்மன் பெண்களைப் பற்றிப் படித்துவிட்டு, "நாலு பேரில் ஒருத்தியாக வாழச் சம்மதித்தவளுக்கு என்ன சுயமரியாதை இருக்க முடியும், தாத்தா?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். பலதார மணத்துக்கு நான் பரிந்து பேச மாட்டேன். ஆனால் அந்த ஒன்றை வைத்தே அவர்களை எடைபோட்டு விடாதே.

அவர்களில் ஒருவரான மார்த்தா ஹியூஸ் கேனன் 1857இல் வேல்ஸில் பிறந்தவர். சின்ன வயதிலேயே யூட்டாவுக்கு வந்தார். அச்சகத்தில் எழுத்துக் கோத்துச் சேர்த்த காசில் படிக்கப் போய், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவரானார். பிறகு ஏங்கஸ் கேனனுக்கு நான்காம் மனைவியானார். சட்டப்படி அது குற்றம். அதோடு, பலதாரக் குடும்பங்களில் பிரசவம் பார்த்தவர் அவர். சாட்சிக் கூண்டில் ஏற்றினால், தாம் எடுத்த குழந்தைகளின் அப்பாக்களைத் தாமே சிறைக்கு அனுப்ப வேண்டிவரும். 1886இல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்த் தலைமறைவாக இருந்தார்.

யூட்டா பெண்களுக்கு 1870லேயே ஓட்டுரிமை இருந்தது தெரியுமா? ஓட்டைக் கொடுத்தால் பலதார மணத்தை அவர்களே ஒழித்துவிடுவார்கள் என்று வெளியார் சிலர் நம்பினார்கள். அது நடக்கவில்லை, 1887இல் அமெரிக்கக் காங்கிரஸ் அந்த உரிமையைப் பறித்தது. 1896இல் யூட்டா மாநிலமானபோது திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டே மாநில செனட் தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் கணவர் நின்றார், அதற்குள் நாடு திரும்பியிருந்த மார்த்தா ஜனநாயகக் கட்சி சார்பில் நின்றார். கணவர் தோற்றார், மனைவி ஜெயித்தார். அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் அவர்தான். மாநில சுகாதார வாரியம் அமைந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

வலியையும் மறைக்கக் கூடாது. பலதார மணத்தைக் கைவிடுவதாக மார்மன் சபை 1890இல் அறிவித்திருந்தது. ஆனால் 1899இல் மார்த்தாவுக்குக் குழந்தை பிறந்தது; அவர்களுடைய பலதார வாழ்க்கை தொடர்ந்ததற்கு அதுவே சாட்சியானது. கணவருக்கு அபராதத்தோடு போயிற்று. மார்த்தாவின் அரசியல் வாழ்வோ அதோடு முடிந்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

மார்மன் சபையில் 1842இல் தொடங்கிய பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தை இன்றும் பெண்களே நடத்துகிறார்கள். ஆசாரியத்துவம் மட்டும் ஆண்களுக்கே. பெண்களுக்கும் அது வேண்டும் என்று இயக்கம் நடத்திய கேட் கெல்லியை 2014இல் சபையிலிருந்து நீக்கினார்கள். அப்படி நீக்கியது தவறு என்றே நினைக்கிறேன்.

தலைமறைவாக இருந்தபோது மார்த்தா கணவருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. தேடிப் படி. சுயமரியாதை பற்றிய உன் கேள்விக்கு உனக்கே ஒரு பதில் கிடைத்தால், அதை எனக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா