கல்லில் என்ன இருக்கிறது?

"கல்லைப் போய் ஏன் கும்பிடுகிறோம்?" என்று நம் தீவுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். "அப்படியெல்லாம் பேசாதே" என்று அதட்டி அடக்குவது பதிலாகாது. கேள்வி நியாயமானது. தமிழில் அதற்குத் தெளிவான விடையும் உண்டு.

ரயில் பாதை வேலையில் எல்லைக்கல் நடும்போதுகூட, மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டிய பிறகே ஆட்கள் மண்வெட்டியைத் தொடுவார்கள். இந்த வழக்கத்தின் வேர் மிகப் பழையது.

நடுகல்

போரிலோ, ஆநிரை மீட்பதிலோ உயிர் விட்ட வீரனுக்குக் கல் நடுவது நம் முன்னோர் மரபு. அதற்குத் தொல்காப்பியம் ஆறு படிகளைச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காணுதல் காட்சி. அதைக் கொள்ளுதல் கால்கோள். நீராட்டுதல் நீர்ப்படை. பின்னர் நடுதல். படையலிட்டுச் சிறப்புச் செய்தல் பெரும்படை. இறுதியில் வாழ்த்து. ஒரு பாலத்துக்குத் தூண் எழுப்புவதற்கு உள்ள ஒழுங்கு இதிலும் இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டிக் கொண்டு வந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுவதும் இந்த முறைப்படிதான்.

இது வெறும் இலக்கியச் செய்தி அன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவரின் பெயர் அவற்றுள் ஒன்றில் இருக்கிறது. அவை கிறித்துவுக்கு முற்பட்டவை என்பது ஆய்வாளர் கணிப்பு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில், வீரனோடு அவன் நாய்க்கும் இடம் கிடைத்திருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். அரசனுக்கு மட்டுமல்ல, காவல் காத்த நாய்க்கும் கல்லில் பெயர் வெட்டிய சமுதாயம் நம்முடையது.

ஆகவே முன்னோர் வணங்கியது வெறும் கல்லை அன்று. கல் யாருக்காக நின்றதோ, அவரையே வணங்கினார்கள்.

பிற நாடுகளில்

ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடப் பயன்பட்ட ஒரு கல்லை 1296இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் எடுத்துச் சென்றான். ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குப் பின், 1996இல் அது ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது. மேகாலயத்தின் காசி மக்கள் முன்னோர் நினைவாக நெடுங்கற்களை நிறுத்தினார்கள்.

நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்தைத் திருமாலாக வழிபடுகிறோம். அதனுள் காணப்படும் சுருள், ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன ஒரு கடலுயிரின் ஓடு. கடலுயிர் இமயத்துக்கு எப்படிப் போயிற்று? ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. இந்திய நிலத்தட்டு வடக்கே ஆசியாவோடு மோதியபோது அந்தக் கடலடி மலையாக உயர்ந்தது.

நம் தீவுகளும் கல்லும்

அதே தட்டுதான் நம் தீவுகளுக்கு அடியிலும் செருகிக்கொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அது நழுவியபோது, பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறியிருந்த கச்சால் தீவைக் கடல் புரட்டியது. நிக்கோபாரி மக்களும் தமிழரும் சேர்ந்தே மாண்டார்கள். பலருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை.

இங்கேதான் கல்லின் பொருள் விளங்குகிறது. ஊரில் கருமாதிக்குக் கல் ஊன்றி, அதையே இறந்தவராகப் பாவித்து நீர் வார்ப்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். உடல் இல்லாத இடத்தில் கல் நிற்கும். பெயர் சொல்ல ஒருவர் இருக்கும் வரை அது வெறும் கல் ஆகாது. பெயர் மறந்துவிட்டால், சாலையோரக் கல்லுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

கடல் கடந்து வந்த நமக்குச் சொந்த ஊரின் குலதெய்வக் கல் கண்ணுக்கெட்டாத் தூரத்தில் இருக்கிறது. அதன் பெயரையாவது பிள்ளைகளிடம் ஒப்படைப்போம்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. நடுகல் நடுதலின் ஆறு படிகளை வரிசையாக எழுதுக.
2. சாளக்கிராமத்துக்கும் 2004 ஆழிப்பேரலைக்கும் பொதுவான காரணம் எது?
3. உன் குலதெய்வத்தின் பெயர், அது இருக்கும் ஊர், உன் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டியின் பெயர்கள் ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.

மூன்றாம் கேள்விக்கு விடை தெரியாத பெற்றோர், இந்த வாரமே ஊருக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுவிடுவது நல்லது.