தையல் அறைக்கு ஒரு மின்விசிறி: மெதுவாகச் சுற்றட்டும், சத்தமில்லாமல் சுற்றட்டும்



நுவரெலியா, ஹட்டன் பக்கத்து வாசகர்கள் இந்தத் தலைப்பைப் பார்த்துச் சிரிக்கலாம். "எங்களுக்குக் கம்பளிதான் வேணும், ஃபேன் எதுக்கு?" என்று கேட்கலாம். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 2000 அடிக்குக் கீழே உள்ள இரத்தினபுரி, களுத்துறை, காலித் தோட்டங்களில், உச்சி வெயிலில் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு அந்த வேக்காடு என்னவென்று தெரியும்.

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு தங்கச்சி. கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் லயத்துக் காம்பராவில் தையல் மெசினில் உட்காருவார். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, கவுன் தைத்துக் கொடுப்பார். பக்கத்துத் தொட்டிலில் கைக்குழந்தை. சீட்டுக் காசு விழுந்ததும் டவுனுக்குப் போய், "இருப்பதிலேயே வேகமானது" என்று கடைக்காரர் சொன்ன 36 அங்குல மின்விசிறியை வாங்கி வந்து மாட்டினார்.

நடந்தது என்ன? போட்டவுடன் வெட்டி வைத்த துணி பறந்தது. "நூல் அந்துபோன சத்தம்கூட கேக்கல அக்கா. புள்ள அழுதாலும் தெரியல. இப்ப ஃபேனை நிப்பாட்டிட்டு வேர்வையில தைக்கிறேன்" என்றார். வேர்வை பட்ட வெள்ளைத் துணியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? கொடுத்த காசும் போச்சு, வேலையும் கெட்டது.

இந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்காமல் இருக்கவே இந்தப் பாடம். தச்சு வேலை, ரேடியோ திருத்தும் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

1. மின்விசிறி என்ன செய்கிறது?

மின்விசிறி காற்றைக் குளிராக்குவதில்லை. நம் உடம்பு வேர்வையைக் காய வைக்கிறது; அதனால்தான் நமக்குக் குளிர்ச்சி. ஆள் இல்லாத அறையில் அது சுற்றினால் கரண்ட்தான் வீண். வேர்வை காய மெல்லிய காற்றே போதும். புயல் தேவையில்லை.

தகரக் கூரையின் கீழ் சூடான காற்று தேங்கி நிற்கும். சன்னலை மூடி வைத்தால் அந்தச் சூட்டையே மின்விசிறி கீழே தள்ளும். ஆகவே முதலில் கதவு, சன்னலைத் திறந்து சூடு வெளியே போக வழி செய்யுங்கள்.

2. பெரிய இறக்கை, குறைந்த வேகம்

பெரிய அகப்பையால் மெதுவாகக் கிளறினாலும் சோறு கிளறுபடும். சின்னக் கரண்டி என்றால் வேகமாகக் கிளற வேண்டும். மின்விசிறியும் அப்படித்தான். 36 அங்குல விசிறி அதே அளவு காற்றைத் தர மிக வேகமாகச் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் இரைச்சல் பல மடங்கு கூடும்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 48 அங்குலம், அதாவது 1200 மில்லிமீட்டர். 56 அங்குலமும், அதாவது 1400 மில்லிமீட்டரும் உண்டு. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் 56 அங்குல விசிறியை நடுவில் மாட்டினாலும், இறக்கை நுனிக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் இரண்டரை அடிக்கு மேல் மிஞ்சும். ஆகவே உயரம் சரியாக இருந்தால் பெரியதையே பாருங்கள்.

பெட்டியில் மூன்று எண்களைப் படியுங்கள்: நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எத்தனை கன மீட்டர் காற்று, எத்தனை வொட். காற்று சமமாக இருந்தால் சுற்று குறைந்ததையும் வொட் குறைந்ததையும் எடுங்கள்.

3. கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடைக்காரர் முழு வேகத்தில் போட்டுக் காட்டுவார். நீங்கள், "ஒண்ணாம் நம்பர்ல போடுங்க" என்று கேளுங்கள். நமக்கு வேண்டியது அந்த வேகம்தான். கீழே நின்று காதைக் கொடுங்கள். "ம்ம்ம்" என்று உறுமினால் மோட்டரிலோ ரெகுலேட்டரிலோ குறை. "டிக் டிக்" என்றால் ஏதோ இளகி இருக்கிறது. பிறகு நிறுத்தச் சொல்லிக் கையால் சுழற்றிப் பாருங்கள். பேரிங் நன்றாக இருந்தால் அரைக்கும் சத்தமின்றி மெதுவாக நிற்கும்.

ஒரு விசிறியின் இறக்கைகள் எடை பொருத்தி ஒரே தொகுதியாக வருபவை. வேறு விசிறியின் இறக்கையைக் கலந்து பூட்டினால் ஆட்டம் வரும்.

4. ரெகுலேட்டரும் கரண்ட் பில்லும்

பழைய பெட்டி ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது கரண்டைச் சூடாக்கி வீணாக்கும். பல்ப் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மரைப் போட்டால் மோட்டர் உறுமும். கண்டென்சர் வைத்த ரெகுலேட்டரே சத்தம் குறைந்தது.

இப்போது பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டர் விசிறிகளும் வருகின்றன. கணக்கைப் பாருங்கள்:

சாதாரண விசிறி 75 வொட். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் என்றால் 30 நாளில் 18 அலகு.
புதுவகை 30 வொட். அதே நேரத்துக்கு 7.2 அலகு.

மாதம் பத்து அலகுக்கு மேல் மிச்சம். அலகு கூடக்கூட ஒரு அலகின் விலையும் கூடுவதால் இது சின்ன விசயமல்ல. ஆனால் வாங்கும்போது விலை கூட. பழுதானால் எல்லாரும் திருத்த மாட்டார்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். இதைப் பழைய ரெகுலேட்டரோடு இணைக்கக் கூடாது.

5. மாட்டும்போது கவனம்

தரையிலிருந்து இறக்கைக்குக் குறைந்தது 7 அடி இருக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் வீட்டில் இன்னும் உயரம் நல்லது. இறக்கைக்கு மேலே ஒரு அடியாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் காற்றை இழுக்க முடியாது. கூரை பணிவாக இருந்தால் ஆசையை விட்டுவிட்டுச் சுவர் மின்விசிறி வாங்குங்கள்.

கொக்கியை உளுத்த மரத்தில் அடிக்க வேண்டாம். ஒரு ஆள் பிடித்துத் தொங்கினாலும் தாங்கும் வளையாக இருக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் தகட்டில் துளை போடவே வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு.

பல்ப் இறக்கைக்கு மேலே இருந்தால் நிழல் விட்டு விட்டு விழும். ஊசியைப் பார்த்துத் தைப்பவருக்குக் கண் வலி வரும். பல்ப்பை இறக்கைக்குக் கீழே, பக்கச் சுவரில் வையுங்கள்.

அடுத்த காம்பராவிலிருந்து வயர் இழுத்துப் பூட்டாதீர்கள். ஏர்த் வயரும் ட்ரிப் சுவிட்ச்சும் இருக்கிறதா என்று வயரிங் தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள். லயம் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த தீ மற்றக் காம்பராக்களையும் சுட்டுவிடும்.

அந்தத் தங்கச்சி என்ன செய்தார்? பழைய விசிறியை வீசவில்லை, இஸ்தோப்பில் மாட்டினார். அடுத்த சீட்டு விழுந்தபோது, பெட்டியைப் படித்து, ஒண்ணாம் நம்பரில் போட்டுக் கேட்டு, 56 அங்குல விசிறி வாங்கினார். இப்போது துணி பறப்பதில்லை. நூல் அறுந்தால் கேட்கிறது. தொட்டிலில் பிள்ளை சிணுங்கினாலும் கேட்கிறது.

வீட்டில் கூடிப் பேசுங்கள்:
உங்கள் காம்பராவில் தரையிலிருந்து வளை வரை எத்தனை அடி?
உங்கள் மின்விசிறி எத்தனை வொட்? மாதம் எத்தனை அலகு?
பல்ப் எங்கே இருக்கிறது, இறக்கைக்கு மேலா, கீழா?