ஆற்றங்கரையில் ஒரு நாள் கூடுவது எதற்காக?



ஆற்றைத் துப்புரவாக்கும் சிரமதானம் ஒன்றையாவது நீங்கள் கண்டிருப்பீர்கள். காலையில் ஒரு லொறி வரும். பாலத்தில் பதாகை கட்டப்படும். கையுறையும் சாக்கும் பகிர்வார்கள். இரண்டு மணித்தியாலம் பொலித்தீனும் போத்தலும் பொறுக்குவோம். பிறகு ஒருவர் பேசுவார், படம் எடுப்பார்கள், சோற்றுப் பார்சல் வரும், லொறி போய்விடும். அடுத்த மழைக்கு ஆறு பழையபடி ஆகிவிடும்.

அப்படியான ஒரு நாளில் நாமும் நின்றோம். பேச வந்த அதிகாரி எதிர்க்கரையில் இருந்த போஞ்சிப் பாத்திகளைக் கை நீட்டிக் காட்டி, ஆறு கெடுவதற்கு இப்படி ஓரத்தில் தோட்டம் செய்கிறவர்களே காரணம் என்றார். அந்தப் பாத்திகளுக்குரிய பெண்கள் அவர் முன்னாலேயே சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் எம்மிடம் வந்து, "சாமி, மறுபடியும் எங்கள எழும்பச் சொல்லப் போறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இந்தப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. வன்செயலால் ஊரை விட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அணைக்காகக் காணியை விட்டவர்களும் இருக்கிறீர்கள். ஆற்றைக் காப்பது என்ற பேச்சு எழும்போது, அது தம்மை மறுபடி அகற்றுவதற்கான பேச்சோ என்று நீங்கள் அஞ்சுவதில் பிழையில்லை. ஆனால் அஞ்சி ஒதுங்கி நின்றால் அந்தப் பேச்சு நாம் இல்லாமலே நடந்து முடிந்துவிடும்.

எமது ஆறு எங்கிருந்து வருகிறது?

மாத்தளை நகரைத் தொட்டு ஓடும் சுதுகங்கையை எடுத்துக்கொள்வோம். 1976ஆம் ஆண்டிலிருந்து இந்த ஆற்றில் ஓடுவது எமது மலைகளின் நீர் மாத்திரமல்ல. கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் மகாவலி மறிக்கப்பட்டு, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தினூடாக உக்குவெல மின் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து சுதுகங்கையில் விழுகிறது. கண்டி நகரின் கழிவைச் சுமக்கும் மெத எல, பொல்கொல்லவுக்கு மேலேயே மகாவலியில் கலக்கிறது. ஆகவே கண்டியில் கொட்டியதில் ஒரு பங்கு எமது துறைக்கும் வருகிறது. இங்கிருந்து நீர் போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அது 1981இல் முடிந்த வேலை. அங்கிருந்து ஒரு பகுதி சுரங்கவழியாகக் கலாவெவப் பக்கம் போகிறது, மீதி அம்பன் கங்கையில் இறங்குகிறது. அம்பன் கங்கை நீரை எலஹெரக் கால்வாயால் மின்னேரியாக் குளத்துக்குக் கொண்டு போனது மகாசேன மன்னன் காலத்து வேலை. அதே கங்கையில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2017இல் நிரம்பத் தொடங்கியது. லக்கலைப் பக்கம் களுகங்கை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போனது. அதை உங்களிற் சிலர் கண்ணால் கண்டவர்கள்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆறு கெட்டதற்கான பழி முழுவதையும் நாலு பாத்தி போஞ்சியின் மேல் போட முடியாது. அணைகள் ஓட்டத்தை மாற்றின. நகரங்கள் கழிவைக் கொட்டின. மணல் அள்ளுகிறவர்கள் படுகையைத் தோண்டினார்கள். எலஹெரப் பக்கத்தில் இரத்தினக்கல் குழிகளின் சேறும் ஆற்றில் இறங்கியது. எமது பங்கு சிறியது. ஆனாலும் அது எமது பங்கு.

மீன் பிடிக்கிறவர்கள் காவலரான கதை

ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் கூடுவதை ஒரு வழக்கமாகவே வளர்த்துக்கொண்ட மக்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களிற் பலர் ட்ரவுட் என்ற மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்கள். இந்த மீனின் பெயரை நுவரெலியாப் பக்கம் வேலை செய்த உறவினர் வாயிலாக நீங்கள் கேட்டிருக்கலாம். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் இங்கிலாந்திலிருந்து இதன் முட்டைகளை நுவரெலியாவுக்குக் கொண்டு வந்தார்கள். முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் இங்கு இனம் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளி போன்ற குளிர்ந்த இடங்களில் நிலைத்தது. நீலகிரியிலும் அப்படியே. 1907ஆம் ஆண்டளவில் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து அதை வளர்த்தார். ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். தேயிலைக்காக மலைக்காட்டை வெட்டி மண்ணெல்லாம் ஆற்றில் கரைய விட்ட அதே துரைமார்தான், தமது விளையாட்டு மீனுக்குத் தெளிந்த நீர் வேண்டும் என்று கவலைப்பட்டார்கள். லயத்தில் இருந்தவருக்கு அந்த விளையாட்டில் பங்கிருக்கவில்லை.

இந்த மீனுக்கு ஏன் தெளிந்த நீர் வேண்டும்? ட்ரவுட் குளிர் நீரின் மீன். நீரின் வெப்பம் 20 பாகைக்கு மேல் ஏறினால் அது திணறும். அது கூழாங்கற்களுக்கிடையே குழி பறித்து முட்டையிடும். கல்லிடுக்கில் நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. மேலேயிருந்து சேறு வந்து படிந்தால் முட்டை மூச்சடைத்துச் சாகும். அதனால் ட்ரவுட் பிடிப்பவர் தூண்டிலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கரையில் நிழல் உண்டா, மேட்டில் மண் கரைகிறதா என்றும் பார்க்க வேண்டியவராகிறார்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓ சேபிள் என்றொரு ஆறு உண்டு. அதன் கரையில் உள்ள ஊரின் பெயர் கிரேலிங். அது ஒரு மீனின் பெயர். ஒரு காலத்தில் அந்த ஆற்றில் கிரேலிங் மீன் மிகுந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பைன் காடுகளை வெட்டி மரக்குற்றிகளை ஆற்றிலேயே மிதக்க விட்டார்கள். குற்றிகள் படுகையைச் சுரண்டின, கரையை உடைத்தன. ரயில் பாதை வந்ததும் வெளியூரார் கூட்டமாக வந்து அள்ளிச் சென்றார்கள். வெளியிலிருந்து விட்ட ட்ரவுட்டும் போட்டிக்கு வந்தது. 1930களுக்குள் அந்த மாநிலத்தில் கிரேலிங் அற்றுப் போனது. ஊருக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது.

அதே ஆற்றங்கரையில் 1959 யூலையில் 16 பேர் ஒரு வீட்டில் கூடினார்கள். ஜோர்ஜ் கிரிபித் என்பவரின் வீடு அது. அரசாங்கம் தொட்டியில் வளர்த்த பெரிய மீன்களை ஆற்றில் விடுவதும், சில நாட்களில் அவற்றைத் தூண்டிற்காரர் பிடித்து முடிப்பதுமாக அப்போது காரியம் நடந்தது. ஆற்றைக் கவனிக்காமல் மீனை மட்டும் கொட்டுவது வீண் வேலை என்பது இவர்களுடைய எண்ணம். ட்ரவுட் அன்லிமிட்டெட் என்ற சங்கம் இப்படித்தான் பிறந்தது. இன்று அதன் கிளைகள் அந்த நாடெங்கும் இருக்கின்றன. விருந்து வைத்துப் பணம் சேர்க்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தூண்டில் பழக்குகிறார்கள். பள்ளிக்கூடத்துத் தொட்டியில் முட்டை பொரிக்க வைத்துக் குஞ்சை ஆற்றில் விடுகிறார்கள். கரையில் மரம் நடுகிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது விருந்தை அல்ல. ஆற்றுக்குத் தினமும் போகிறவர்களே கூடினார்கள், அடுத்த மாதமும் கூடினார்கள் என்பதைத்தான்.

இன்னுமொன்று. போன கிரேலிங்கை மீண்டும் கொண்டுவர மிச்சிகனில் 2016இல் ஒரு முயற்சி தொடங்கியது. அதை மாநில அரசோடு சேர்ந்து முன்னின்று நடத்துபவர்கள் லிட்டில் ரிவர் பகுதியின் ஒட்டாவா இன மக்கள். வெள்ளையர் வருகையால் காணியை இழந்த ஆதிக்குடிகள் அவர்கள். ஆற்றின் காரியத்தில் இன்று அவர்கள் மேசையின் ஒரு பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

எமது ஆற்றின் மீன்கள்

அப்படியானால் நாமும் ட்ரவுட் குஞ்சு கேட்போமா? வேண்டாம். மாத்தளைப் பள்ளத்தின் நீர் அதற்குச் சூடு. அதைவிட முக்கியமாக, எமக்கென்று மீன்கள் இருக்கின்றன. நக்கிள்ஸ் மலையடிவாரத்து ஆறுகளில் உலகில் வேறெங்கும் இல்லாத கெண்டை இனங்கள் வாழ்கின்றன. சிங்களத்தில் பெத்தியா என்று பொதுவாகச் சொல்லப்படும் வகையைச் சேர்ந்த ஒரு மீன் அம்பன் கங்கைத் தொகுதிக்கு மட்டுமே உரியது. 1991இல் அதை விபரித்த அறிஞர்கள் செட்ரிக் மார்ட்டென்ஸ்டைன் என்ற மீன் ஆர்வலரின் பெயரை அதற்கு வைத்தார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனம். பாறைகளுக்கிடையே வேகமாகப் பாயும் நீரில் பாசி மேய்ந்து வாழும் இன்னொரு பெரிய கெண்டையும் உண்டு. பாய்ச்சல் நின்று நீர் தேங்கினால் அதற்கு இடமில்லை.

கறிச்சட்டிக்கு வருவது பெரும்பாலும் திலாப்பியா என்பது எமக்குத் தெரியும். அது 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஏழைக்குப் புரதம் தந்த மீன் அது, அதைப் பழிக்க மாட்டோம். ஆனால் அழகு மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று வாங்கிப் பின் ஆற்றில் விட்டுவிடுகிறார்களே, முதுகெல்லாம் தகடு போட்ட அந்தக் கறுப்பு மீன், அது வலையையும் கிழிக்கிறது, கறிக்கும் ஆகாது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

நாம் கூடும் நாள்

எமது கூட்டத்தை எப்படி நடத்தலாம்? பதாகை இல்லாமலே தொடங்கலாம். பத்துக் குடும்பங்கள் போதும்.

முதலில் ஆற்றை வாசிக்கப் பழகுவோம். கணுக்கால் அளவு நீரில் ஒரு கல்லைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வாலில் இரண்டு மூன்று மயிரிழை நீட்டிய சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தால், மணலாலும் சிறுகல்லாலும் கூடு கட்டிய புழுக்கள் இருந்தால், நீர் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது. சிவந்த புழுக்கள் மட்டும் நெளிந்தால் அழுக்கு ஏறிவிட்டது. பெரும் மழைக்கு மறுநாள் ஒரு கண்ணாடிப் போத்தலில் ஆற்று நீரை எடுத்து இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். அடியில் எத்தனை விரற்கடை சேறு படிகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். துறைக்கு மேலே ஒரு போத்தல், துறைக்குக் கீழே ஒரு போத்தல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எமது பங்கு. இதை ஒரு வருடம் எழுதி வைத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்து, நீங்கள்தான் ஆற்றைக் கெடுத்தீர்கள் என்று எந்த அதிகாரியும் இலேசில் சொல்ல முடியாது. எழுத்தில் உள்ள கணக்குக்கு அவ்வளவு பலம்.

இரண்டாவது விடயம் கசப்பானது. ஆற்றோரத்து ஒதுக்குக் காணி சட்டப்படி எமதல்ல. பிழைப்புக்காகச் செய்கிறோம். ஓரத்து மண் கறுப்பு மண், நல்ல விளைச்சல் தரும் என்பதும் தெரியும். இருந்தும், கரையோடு ஒட்டிய பாத்திகளை நாமாகவே பின்வாங்கி, அந்த இடத்தில் வெட்டிவேரும் மருதங்கன்றும் வைப்பதே புத்தி என்பது எமது எண்ணம். மருதமரத்தின் வேர் கரையைப் பிடிக்கும், நிழல் நீரைக் குளிர்விக்கும். மேட்டுப் பக்கம் கிளிரிசீடியா வரிசை வைத்தால் தழை உரமும் ஆட்டுக்குத் தீனியும் கிடைக்கும், மண்ணும் நிற்கும். இழப்பு உண்டு. இரண்டு போகம் கை கடிக்கும். அதை மறைத்துச் சொல்வது நேர்மையல்ல. ஆனால் இதைச் செய்துவிட்டு, செய்ததைக் காட்டி, மீதிக் காணிக்கு அனுமதிப்பத்திரம் தாருங்கள் என்று பிரதேச செயலகத்தில் கேட்கிறவரின் குரல் வேறு. தனியாகப் போகாமல் சங்கமாகப் போங்கள். கிராம சேவகரைக் கூட்டத்துக்கு முதலிலேயே அழையுங்கள்.

மருந்தடித்த பின் தெளிகருவியை ஆற்றில் கழுவும் வழக்கத்தை இன்றே விட வேண்டும். ஒரு டாங்கி கழுவிய நீர், கோடை காலத்தில் ஒரு சிற்றோடையின் மீன் முழுவதையும் கொன்றுவிடக் கூடும். கரையிலிருந்து விலகி, புல் வளர்ந்த மேட்டில் கழுவுங்கள். நஞ்சு கலந்தோ தோட்டா போட்டோ மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீர்வாழ் வளச் சட்டப்படி குற்றம். நாம் அதைச் செய்யாவிட்டாலும் செய்பவரைக் கண்டும் காணாமலும் இருந்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு நீர்த்தேக்க ஓரத்தில் ஒரு தூண்டிற் போட்டி வைக்கலாம். அனுமதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விதி இதுதான்: திலாப்பியாவுக்கும் தகட்டு முதுகு மீனுக்கும் புள்ளி உண்டு. எமது ஆற்றின் சொந்த மீன் மாட்டினால் ஈரக்கையால் பிடித்து, பெயரை எழுதிக்கொண்டு, உடனே நீரில் விட வேண்டும். பெயர் தெரியாவிட்டால் கிராமத்தில் வயதானவரிடம் கேட்க வேண்டும். அந்த வயதானவர் சிங்களவராக இருப்பார், முஸ்லிமாக இருப்பார். இந்த ஆற்றை எமக்கு முன்பே அறிந்தவர் அவர். கேட்கப் போகிற பிள்ளை மீனின் பெயரோடு இன்னும் சிலவற்றையும் தெரிந்துகொண்டு வரும். முதல் மழைக்கு ஓடைகளில் மேலேறும் சினை மீனைக் கூடை வைத்துப் பிடிப்பதில்லை என்றும் அன்றே எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கலாம்.

குழுவில் கலந்து பேச:

நாம் விட்டு வந்த ஊரில் ஆறோ குளமோ இருந்ததா? அதை யார் காத்தார்கள், எந்த ஒழுங்கின்படி? இப்போதுள்ள ஆற்றில் எமது குடும்பம் ஒரு நாளில் எத்தனை தடவை இறங்குகிறது, எதற்காக? கரையிலிருந்து எத்தனை அடி பின்வாங்க எம்மால் முடியும், அதற்காக எந்தக் குடும்பத்துக்கு மற்றவர்கள் கை கொடுக்க வேண்டியிருக்கும்? அடுத்த ஆற்றுக் கூட்டத்தில் எமது சார்பில் பேசப் போகிறவர் யார், அவர் பெண்ணாக இருந்தால் என்ன?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டாரும் ஒரு போத்தல் ஆற்று நீர் கொண்டு வாருங்கள். எடுத்த இடத்தையும் நாளையும் ஒரு கடதாசியில் எழுதிப் போத்தலில் ஒட்டியிருங்கள்.