ஏறிய ஆன்காவும் எடுக்காத யூரின் டெஸ்ட்டும்

"ஏனுங்க டாக்டர், போன தடவை நாப்பது இருந்துச்சு, இப்பத் தொண்ணூறு போட்டிருக்குதுங்க. மறுக்கா வந்துருச்சுங்களா?" ஆன்கா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் கோவைக்கு வரும் குடும்பங்கள் கேட்கிற கேள்வி இது.

முதலில் நோயைச் சொல்லிவிடலாம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலம், நம் வெள்ளணுக்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரித்துவிடுகிறது. அதுதான் ஆன்கா. அதனால் உசுப்பேறிய வெள்ளணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரைச் சிதைக்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் எல்லாமே அப்படிப்பட்ட குழாய்ச் சுருள்கள் என்பதால் அங்கே அடி பலமாக விழும். சில வாரங்களிலேயே, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எகிறி டயாலிசிஸ் வரை போவதும் உண்டு. தக்க மருந்து இல்லாத காலத்தில், 1958-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு கணக்குப்படி, இந்த நோயின் ஒரு வகை கண்டவர்களில் 100-க்கு 82 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பிழைத்த பிறகு மிஞ்சுவது, திரும்ப வருமா என்ற பயம். அந்தப் பயத்தைச் சுற்றித்தான் இத்தனை நம்பிக்கைகள்.

நம்பிக்கை: ஆன்கா ஏறினால் நோய் திரும்பிவிட்டது

இல்லை. ஏறிய எண்ணோடு ஆண்டுக்கணக்கில் நன்றாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண் அசையாமலே நோய் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இந்த வகைச் சிறுநீரக நோயிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஆன்கா தென்படுவதே இல்லை. காசநோய், இதய வால்வில் கிருமித் தொற்று, தைராய்டுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் போன்றவற்றாலும் ஆன்கா பாசிட்டிவ் ஆகலாம்.

இன்னொரு சிக்கல், லேப். ஒரு லேப் 1:40, 1:80 என்று நீர்த்த அளவில் சொல்லும். இன்னொன்று எலைசா முறையில் யூனிட் கணக்கில் சொல்லும். எலைசாவிலும் கிட்டுக்குக் கிட்டு அளவுகோல் வேறு. ஆர்.எஸ்.புரத்தில் எடுத்த நாற்பதையும் பீளமேட்டில் எடுத்த தொண்ணூறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இரண்டு மடங்காயிருச்சு" என்று தூக்கம் கெடுவதில் அர்த்தமே இல்லை. எப்போதும் ஒரே லேப், ஒரே முறை என்று வைத்துக்கொண்டால்தான் ஏற்ற இறக்கத்துக்குப் பொருள் உண்டு.

நம்பிக்கை: அப்படியானால் அந்த டெஸ்ட்டே தண்டம்

முந்தையதைவிட இது ஆபத்தானது. படித்தவர்கள் வாயிலிருந்துதான் இது அதிகம் வருகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2012-இல் அலசியபோது, ஆன்கா ஏறுவது நோய் திரும்புவதற்கு மிதமான முன்னறிகுறி மட்டுமே என்று தெரிந்தது. பலரும் அத்தோடு கடையைக் கட்டிவிட்டார்கள். 2015-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவர்கள் 166 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், பாதிக்கப்படாதவர்கள். முதல் பிரிவில், ஆன்கா ஏறாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு சுமார் 11 மடங்கு. இரண்டாம் பிரிவில் மூன்று மடங்குகூட இல்லை. ஆக, மூக்கும் சைனஸும் மட்டும் பாதிக்கப்பட்டவருக்குச் சொன்ன ஆறுதலைச் சிறுநீரகம் அடிபட்டவருக்கும் அப்படியே சொல்லிவிடக் கூடாது.

ஆன்காவிலும் இரண்டு சாதி. பிஆர்3 வகைக்காரர்களுக்கு நோய் திரும்புவது, எம்பிஓ வகைக்காரர்களைவிட அதிகம். தன் ரிப்போர்ட்டில் எது இருக்கிறது என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக எண் ஏறியதுமே ஸ்டீராய்டைக் கூட்டச் சொல்லவில்லை. ஆன்காவை மட்டும் வைத்து மருந்தை மாற்ற வேண்டாம் என்றே உலகளாவிய சிறுநீரக மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் அதற்காக அது பயனற்றதும் அல்ல. பிரான்சில் 162 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பாதிக்கு, நோய் திரும்பாமல் தடுக்கும் ரிடுக்சிமாப் ஊசியை ஆறு மாதத்துக்கொரு முறை என்கிற மாதிரி முறைவைத்துக் கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஆன்காவையும், ஆன்டிபாடி உருவாகக் காரணமான பி செல்களையும் பார்த்துத் தேவைப்பட்டபோது மட்டும் கொடுத்தார்கள். 28 மாதத்தில் நோய் திரும்பியது முறைவைத்தவர்களில் 8 பேருக்கு, பார்த்துக் கொடுத்தவர்களில் 14 பேருக்கு. புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசம் அல்ல. பார்த்துக் கொடுத்தவர்களுக்குச் சராசரியாக 3 ஊசியே போதுமானதாக இருந்தது, மற்றவர்களுக்கு 5. ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ் 2007-இல் இந்திய ரிடுக்சிமாபை இறக்கிய பிறகும் ஓர் ஊசி என்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய செலவுதான். இரண்டு ஊசி மிச்சம் என்பது சின்ன விஷயம் இல்லை.

நம்பிக்கை: நெகட்டிவ் வந்தாச்சு, மாத்திரையை நிறுத்தலாம்

நீங்களாக நிறுத்தக் கூடாது. ஐரோப்பாவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்ப்பு மண்டலத்தை அடக்கிவைக்கும் அசதியோப்ரின் மாத்திரையை 2 ஆண்டில் நிறுத்தியவர்களில் 63 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. 4 ஆண்டு தொடர்ந்தவர்களில் 22 சதவீதம்.

நம்பிக்கை: சாப்பாட்டில்தான் ஏதோ கோளாறு

கறியையும் கத்திரிக்காயையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். கோவைக்காரர்கள் யோசிக்க வேண்டிய பொருள் வேறு: பவுண்டரி மணல். பம்ப் செட்டும் மோட்டாரும் இந்த ஊருக்குச் சோறு போடுபவை. அவற்றின் இரும்புக் கூடு சிலிகா மணல் அச்சில் ஊற்றி எடுக்கப்படுகிறது. ஆறியபின் அச்சைத் தட்டி உடைக்கும்போதும், ஒட்டிய மணலை கிரைண்டரில் தேய்த்து எடுக்கும்போதும் கிளம்புகிற தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிலிகாத் துகள் நிறைந்திருக்கும். அது நுரையீரலைக் கெடுப்பது ஊருக்கே தெரியும். அந்தத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு ஆன்கா நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது. வருகிறவர்கள் சொற்பம்தான், பீதி வேண்டாம். ஆனால் முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது இந்தத் தூசிக்குத் தடுப்பே ஆகாது. டாக்டரிடம் போகும்போது என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதையும் சொல்லுங்கள்.

நம்பிக்கை: சிறுநீர் சிவந்தால் உடம்புச் சூடு, இளநீர் குடித்தால் தீரும்

பொள்ளாச்சி இளநீரின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் கிரியேட்டினின் ஏறியவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். சூடு என்று ஓட்டுகிற அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் வடிகட்டிகள் போகின்றன.

நோய் திரும்புகிறபோது சிறுநீர் பெரும்பாலும் சிவப்பதுகூட இல்லை. பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் சிறுநீரில், மைக்ராஸ்கோப்பின் கீழ் உருக்குலைந்த சிவப்பணுக்கள் தெரியும், ஆல்புமின் ஏறியிருக்கும். ஆன்காவுக்கு ஆயிரங்களைக் கொடுக்கிறோம், அதனால் அதற்கு மரியாதை. யூரின் டெஸ்ட்டை யாரும் மதிப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கக்கூடிய பரிசோதனை அது.

ஆன்கா ஏறியிருந்தால் அதே வாரம் யூரினும் கிரியேட்டினினும் பாருங்கள். இரண்டும் பழையபடி இருந்தால் அடுத்த சில மாதங்கள் அவற்றை அடிக்கடி எடுத்துப் பாருங்கள். புதிதாக ரத்தமோ ஆல்புமினோ தென்பட்டால், இருமலில் ரத்தம் வந்தால், கால் வீங்கினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.