பழைய சர்வரை விற்கும் முன்

கேள்வி: அலுவலகத்தின் பழைய சர்வரை விற்கப்போகிறோம். ஹார்ட் டிஸ்க்குகளை ஃபார்மேட் செய்தால் போதாதா?

பதில்: போதாது. விரைவு ஃபார்மேட் கோப்புகளின் அட்டவணையை மட்டுமே புதுப்பிக்கிறது. கோப்புகள் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

அழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லி 2016-இல் அமெரிக்காவில் இரண்டு டேட்டா சென்டர்களை மூடியபோது, தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் இடமாற்ற நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு டிஸ்க்குகள் இணைய ஏலத்துக்குப் போய்விட்டன. 2020-இல் 6 கோடி டாலர், 2022-இல் 3.5 கோடி டாலர் என அபராதம் விழுந்தது. இன்னும் வருத்தமான செய்தி: அந்நிறுவனத்தின் கிளைகளிலிருந்து 42 சர்வர்கள் காணாமல்போனது பற்றிய விசாரணையில், அந்தச் சாதனங்களில் இருந்த என்கிரிப்ஷன் வசதியைப் பல ஆண்டுகளாக யாரும் முடுக்கிவிடவே இல்லை என்று தெரிந்தது.

காந்தத் தட்டுள்ள டிஸ்க் என்றால், முழுவதையும் ஒருமுறை மேலெழுதினாலே பொதுவாகப் போதும். எஸ்எஸ்டி அப்படியல்ல. அதன் கன்ட்ரோலர் புதிய தகவலை வேறு செல்களுக்குத் திருப்பிவிடும்; ஒதுக்கிவைத்த செல்களில் பழையது தங்கிவிடும். ஆகவே டிஸ்க்கிலேயே உள்ள ‘செக்யூர் இரேஸ்’ அல்லது ‘சானிடைஸ்’ கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு கார்டு இந்தக் கட்டளைகளைப் பெரும்பாலும் மறித்துவிடும் என்பதால், டிஸ்க்குகளைக் கழற்றி நேரடியாக இணைப்பதே நல்லது.

பழுதான டிஸ்க்கை மேலெழுத முடியாது. அதை உடைத்துத் தூளாக்க வேண்டும். வாரன்டிக்காகத் திருப்பி அனுப்பும் டிஸ்க்கிலும் தகவல் இருக்கும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும், அழித்த முறையையும் தேதியையும் பதிவேட்டில் குறித்த பிறகே சர்வர் வாசலைத் தாண்ட வேண்டும்.